சேரிக்குத் திரும்பாத இணைப்புகள்

"எந்த ஜி.ஓ.? நம்பர் என்ன? தேதி என்ன?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டது இந்த மூன்று கேள்விகள்தான். இந்தப் பக்கம் மனுவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் பெரியம்மா. மனுவை எழுதியவன் நான். 'எங்கள் மக்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் ஒப்படை செய்யப்பட்ட பஞ்சமி நிலம்' என்று அழகாக எழுதியிருந்தேன். கவிஞன் இல்லையா, வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. அரசாணை எண் வரவேண்டிய இடத்தில் மட்டும் நான்கு புள்ளி வைத்திருந்தேன். முந்தின ராத்திரி பார்த்து நிரப்பிவிடுகிறேன் என்று பதினோரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நிரப்பவில்லை.

"விவரமா எழுதிக்கிட்டு அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார் அவர். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, 'ஃபாரத்த முழுசா எழுதிக்கினு வாம்மா' என்று கைநாட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பியவன்தான் நானும்.

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றோம். பெரியம்மா என்னைப் பார்த்து, "ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சிகினு இருந்துச்சே, அப்ப இன்னாத்தடா பண்ணிகினு இருந்த?" என்று கேட்டார்.

இன்னாத்தப் பண்ணினேன்? ராத்திரி ஒன்பதரைக்குக் கைபேசியில் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். பஞ்சமி நிலம் பற்றிய பக்கம். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அரசுக்குக் கொடுத்த குறிப்பு, அதன்பேரில் 1892-இல் போடப்பட்ட ஆணை, சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். கண் அங்கேதான் இருந்தது. ஆனால் கை? 'செங்கல்பட்டு' என்ற நீல எழுத்தைத் தொட்டுவிட்டது. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில்தான் காஞ்சிபுரமும் இருந்தது. நம்ம ஊர் ஆச்சே, என்ன எழுதியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று அதைத் தொட்டேன். அங்கிருந்து பல்லவர். பல்லவரிலிருந்து முதலாம் மகேந்திரவர்மன். அவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் ஒரு பௌத்த பிக்குவை வைத்துக் கேலி செய்கிறான், கதை நடக்கும் இடம் நம்ம காஞ்சிபுரம். அப்படியா என்று பௌத்தத்தைத் தொட்டேன். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்து, இந்தப் பக்கம் நூறு சங்காராமம், பத்தாயிரம் பிக்குகள் என்று எழுதிவைத்துப் போயிருக்கிறார். அங்கிருந்து போதிதருமர். 2011-இல் 'ஏழாம் அறிவு' வந்தபோது காஞ்சிபுரத்துப் பையன்கள் எல்லாரும் ஒரு மாதத்துக்குப் பல்லவ இளவரசர்களாகத் திரிந்தது ஞாபகம் வந்தது. போதிதருமரிலிருந்து ஷாவோலின், ஷாவோலினிலிருந்து குங்ஃபூ, குங்ஃபூவிலிருந்து புரூஸ் லீ. 'என்டர் தி டிராகன்' 1973-இல் திரைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே மனிதர் செத்துப்போனார். புரூஸ் லீயிலிருந்து ஹாங்காங், ஹாங்காங்கிலிருந்து அபினிப் போர், அபினியிலிருந்து தேயிலை. அப்போது மணி மூன்று. ஃபோனை நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

இதைக் கேட்ட எங்கள் மூத்த தோழர் ஒருவர் கடுமையாகச் சொன்னார்: "அந்தக் கருமத்தத் தூக்கிக் கெணத்துல போடுப்பா. நாங்கள்லாம் ஒரு புத்தகத்த எடுத்தா முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சோம். உங்க தலைமுறை எதையும் முழுசாப் படிக்கல. தாவித் தாவிக் கெட்டுச்சி."

அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காரணமில்லாமல் சுற்றுவது என்பது நமக்கு எப்போது அனுமதிக்கப்பட்டது? என் தாத்தா ஊர்த்தெருவில் போனால் ஒரு வேலையாகத்தான் போயிருக்க வேண்டும். 'எங்கடா இந்தப் பக்கம்' என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். சாவு சொல்லப் போறேன், மாட்டைத் தேடிப் போறேன் என்று ஒரு காரணம். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு முதுகு சிவக்காமல் திரும்ப முடியாது. ஓரிடத்தில் தங்காமல் சுற்றித் திரிவதையே குற்றமாக வைத்து 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டான். மேய்ச்சல்காரர்களும் வித்தைக்காரர்களும் ஊர் ஊராகப் போனதற்காகவே ஸ்டேஷனில் கைரேகை வைத்தார்கள். இந்த வரலாறுள்ள நாட்டில், ஒரு சேரிப் பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பல்லவன் அரண்மனைக்குள் நுழைந்து, பின்வாசல் வழியாக ஷாவோலின் மடத்துக்குப் போய், அங்கிருந்து ஹாங்காங் துறைமுகத்தில் இறங்குகிறான். 'எந்தத் தெருடா நீ' என்று கேட்க ஒருத்தனும் இல்லை. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. அது அரசியல் சந்தோஷம். வேடிக்கை பார்ப்பதும் உரிமைதான். மாணவத் தோழர்கள் யாரும் இதற்காகக் கூச வேண்டியதில்லை.

அப்படியானால் தவறு எங்கே நடந்தது? மறுநாள் ராத்திரி ஃபோனில் போய்வந்த தடத்தை எடுத்துப் பார்த்தேன். கணக்குப் பிள்ளையின் புத்தி, வரிசையாக எண்ணினேன். நாற்பத்தொரு பக்கம். முதல் இரண்டு பக்கம்தான் நம்முடையவை. மூன்றாவதில் ஊருக்குள் நுழைந்திருக்கிறேன். அதற்கப்புறம் முப்பத்தெட்டுப் பக்கம், ஒரு இடத்தில்கூடச் சேரிக்குத் திரும்பவில்லை. திரும்ப மனம் இல்லாமல் அல்ல. திரும்புவதற்கு எழுத்து நீலமாக இல்லை. நான் போன பக்கங்களில், நான் தொட்ட வரிகளில், அப்படி ஒரு வழி என் கண்ணில் படவில்லை.

இதை மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம். நம் தலைவர் ஒருவரைப் பற்றிய பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சென்னைக்கு வழி இருக்கும், காங்கிரசுக்கு வழி இருக்கும், காந்திக்கு வழி இருக்கும், இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு வழி இருக்கும். சரி, இப்போது எதிர்த்திசையில் கிளம்புங்கள். காந்தியிலிருந்து, சென்னையிலிருந்து, கோயிலிலிருந்து, அரசனிலிருந்து எத்தனை தாவலில் நம் பக்கம் வந்து சேர்கிறீர்கள் என்று எண்ணுங்கள். சேரியிலிருந்து ஊருக்குத் தினம் வழி உண்டு. அறுப்புக்குப் போக, சாணி அள்ள, பறை அடிக்க, பிணம் தூக்க. ஊரிலிருந்து சேரிக்குத்தான் யாரும் வருவதில்லை. மண்ணில் இருந்த இந்த ஒருவழிப் பாதை அப்படியே கண்ணாடித் திரைக்குள்ளும் குடியேறியிருக்கிறது.

இது யாரோ திட்டம்போட்டுச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. இணைப்பு என்ற பொருளின் அமைப்பே அப்படி. டெட் நெல்சன் என்ற அமெரிக்கர் 1960-இலேயே 'சனாடு' என்று ஒரு திட்டத்தைக் கனவு கண்டார். ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லைக் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய கனவில் இணைப்பு இருவழி. நான் உன்னைச் சுட்டினால், சுட்டப்பட்ட உன் பக்கத்திலும் என் தடம் தெரிய வேண்டும். அந்தத் திட்டம் பத்தாண்டுக் கணக்கில் இழுத்துக்கொண்டே கிடந்தது. 1989-இல் ஜெனீவாவில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த உலகளாவிய வலையில் இணைப்பு ஒருவழி. யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் யாரையும் சுட்டலாம், அவ்வளவுதான். அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது. அனுமதி கேட்க வேண்டாம் என்பது நமக்கும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுட்டப்பட்டவன் திரும்பிப் பார்க்க வேண்டிய கட்டாயமும் அதில் இல்லை. 2001-இல் விக்கிப்பீடியா தொடங்கியது, 2003-இல் தமிழிலும் வந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். திறந்த கதவு வழியாக யார் உள்ளே போய் எதை எழுதினார்கள், எதை எதோடு முடிச்சுப் போட்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் போய் எழுதவில்லை. இத்தனை வருஷம் வாசித்துவிட்டுச் சும்மா வந்தவன் நான். முதல் குற்றவாளி இந்தக் கட்டுரைக்காரன்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1924 என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வைக்கம். அந்த ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் போனார், சிறைப்பட்டார், 'வைக்கம் வீரர்' ஆனார். பள்ளிப் பாடத்தில் இருக்கிறது, மேடையில் இருக்கிறது, நூற்றாண்டு விழாவும் நடந்தது. நல்லது, இருக்க வேண்டியதுதான். அதே 1924-இல், ஆகஸ்டில், சென்னைச் சட்டசபையில் ஒருவர் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பொதுத் தெருவிலும் சாலையிலும் எந்தச் சாதிக்காரரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எல்லாவற்றையும் எல்லாரும் பயன்படுத்தலாம், தடுக்க எவருக்கும் உரிமை கிடையாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். நம் ஜில்லாக்காரர், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1893-இல் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தியவர். தெருவில் நடப்பதற்கு ஒருவர் திருவிதாங்கூரில் சிறை சென்ற ஆண்டில், தெருவில் நடப்பதற்கு இன்னொருவர் சென்னையில் தீர்மானம் நிறைவேற்றினார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் பேச்சாளரை நீங்கள் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறீர்கள்? சீனிவாசனைப் பற்றிப் பேசுகிற நாம் வைக்கத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. வைக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சீனிவாசனிடம் வருவதில்லை. ஒருவழி.

இன்னொன்று. திருக்குறள் அச்சான கதையைச் சொல்லும்போது எல்லாரும் எல்லிஸ் துரை வரை போவார்கள். எல்லிஸ் தமிழ் படித்தார், குறளுக்கு உரை எழுதினார், வள்ளுவர் உருவம் போட்ட நாணயம் வெளியிட்டார் என்று பாதை அகலமாகப் போகும். அந்தத் துரைக்குச் சுவடி எப்படிப் போய்ச் சேர்ந்தது? தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரை வீட்டில் பட்லராக இருந்தவர், அவர் கொடுத்த ஓலைச்சுவடிதான் ஆரிங்டன் வழியாக எல்லிசுக்குப் போனது என்று அயோத்திதாசர் எழுதி வைத்திருக்கிறார். துரை வீட்டு முன்வாசல்வரை எல்லாரும் போகிறார்கள். சமையற்கட்டு வாசலுக்குப் போகிறவர் குறைவு. சமைத்தவன் வீட்டில் சுவடி இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டால் எத்தனை கதைகளைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும், யோசியுங்கள்!

நான் அன்று ராத்திரி தேயிலைவரை போனேன் என்றேன் அல்லவா. அபினி விற்ற காசில் வெள்ளைக்காரன் சீனத்தில் தேயிலை வாங்கினான், பிறகு அசாமில் பயிரிட்டான், இலங்கையில் பயிரிட்டான். படித்துக்கொண்டே வந்தேன். அந்தக் கொழுந்தைக் கிள்ளுவதற்குக் கப்பல் ஏறியது யார்? நம்ம ஆட்கள். கங்காணி பிடித்துக்கொண்டு போன சேரி ஜனங்கள். என் சொந்தக்காரர்களின் கதவுக்கு அடுத்த கதவுவரை போய்விட்டு, தட்டாமல், தூங்கிப் போயிருக்கிறேன். இதைத்தான் நான் வழிதவறல் என்பேன். புரூஸ் லீயைப் பார்த்தது வழிதவறல் இல்லை.

இணைப்பு என்பது அப்பாவியான சாமான் இல்லை என்பது பிரெஞ்சுக்காரர்களுக்கு இருநூற்றெழுபது வருஷம் முன்பே தெரிந்திருந்தது. 1751-இல் முதல் தொகுதி வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் தீதரோ. தணிக்கை, மதகுரு, அரசன் எல்லாரும் தலைக்கு மேல் நிற்கிறார்கள். நேராக எழுதினால் சிறை. அவர் என்ன செய்தார்? நரமாமிசம் தின்பவர்கள் பற்றி ஒரு சாதுவான கட்டுரை, அதன் கடைசியில் 'பார்க்க: நற்கருணை, பலிபீடம்'. அவ்வளவுதான். ஏசுவின் உடலை அப்பமாக உண்கிற சடங்கை எதோடு சேர்த்துக் காட்டியிருக்கிறார் பாருங்கள். கட்டுரைக்குள் ஒரு வார்த்தை தப்பாக இல்லை, 'பார்க்க' என்ற ஒரு சொல்லில் குண்டு வைத்திருக்கிறார். பக்கங்களுக்கு இடையே போடுகிற முடிச்சுக்கு மூடநம்பிக்கையை ரகசியமாகக் கவிழ்க்கிற வேலையும் உண்டு என்று அந்தக் களஞ்சியத்திலேயே எழுதியும் வைத்தார்.

நம் பக்கம் 1910-இல் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வந்தது. தனி மனிதராக அவ்வளவு பெரிய வேலை, வணங்கத்தான் வேண்டும். பையனாக இருந்தபோது நூலகத்தில் அதைப் புரட்டிக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முனிவரிடமிருந்து அவர் சாபத்துக்கு, சாபத்திலிருந்து ஓர் அசுரனுக்கு, அசுரனிலிருந்து ஒரு தலத்துக்கு என்று அதிலும் தாவிக்கொண்டேதான் இருக்கலாம். ஆக, தாவுகிற பழக்கம் கைபேசி கொண்டுவந்தது இல்லை என்று மூத்த தோழருக்குப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் தாவினாலும் அசுரனைக் கொன்றவன் பக்கமே வந்து விழுகிறோமே, அதைப்பற்றித்தான் என் கவலை.

தாவுவதில் பாபாசாகேப் அம்பேத்கரை மிஞ்சிய ஆள் உண்டா? 1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அவர் கேட்கும் கேள்வி ரொம்ப எளிமையானது: தீண்டப்படாதவர்கள் ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள்? பெரியம்மா கேட்கிற கேள்வி. இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு மனிதர் எங்கெல்லாம் போகிறார்! நாடோடிக் கூட்டங்கள் எப்படி நிலைத்துக் குடியேறின என்று போகிறார். சண்டையில் தோற்றுச் சிதறிப்போன மனிதர்கள் என்று ஒரு கருத்துக்கு வருகிறார். இதுபோல வேறு எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போகிறார், அங்கே ஃபுய்திர் என்று ஊரோடு ஒட்டாத அந்நியர்கள். வேல்ஸுக்குப் போகிறார், அங்கே ஆல்ட்யூட் என்று இன்னொரு கூட்டம். இந்தக் காலத்துப் பையன் யாராவது இப்படிப் போயிருந்தால் நம் மூத்த தோழர் 'மகர்வாடாவ உட்டுட்டு வேல்ஸுல உனக்கு இன்னாடா வேல' என்று அதட்டியிருப்பார். ஆனால் அம்பேத்கர் திரும்பி வருகிறார். வேல்ஸில் அந்நியன் கலந்துவிட்டான், இங்கே மட்டும் ஏன் கலக்கவில்லை என்ற கேள்வியோடு சேரியின் எல்லைக்கே திரும்பி வருகிறார். மாட்டிறைச்சி, பௌத்தம், பார்ப்பன வெறுப்பு என்று அதற்கப்புறம்தான் நூலின் உயிர்ப் பகுதி தொடங்குகிறது. அந்த நூலை அவர் காணிக்கை ஆக்கியது நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவருக்கும். மராட்டியத்தில் பிறந்தவர் தமிழ்நாட்டு நந்தனிடம் வந்து சேர்கிறார். அலைந்தவர்தான், கேள்வியைக் கையிலிருந்து கீழே போடாமல் அலைந்தவர்.

என் கேள்வி என்னவாக இருந்தது? ஒரு எண், ஒரு தேதி. பத்து மணிக்கெல்லாம் அதைக் கீழே போட்டுவிட்டேன்.

அந்த எண்ணுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டு. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். பஞ்சமி நிலத்தை முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்கப்புறமும் நம் மக்களுக்குள்தான் கைமாற வேண்டும், வேறு யார் வாங்கினாலும் செல்லாது என்பது நிபந்தனை. நூறு வருஷத்துக்கு மேலாகக் காகிதத்தில் இருக்கிற அந்த நிபந்தனையைக் காகிதத்தை வைத்துத்தான் கேட்க முடியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டதும் அதைத்தான்.

ஒரு எதிர்வாதம் வரும், இப்போதே பேசிவிடலாம். 'நாம் எழுதப் போனால் சான்று கேட்கிறார்களே தோழர், நம் பாட்டி சொன்னதை எந்தப் புத்தகத்தில் காட்டுவது?' நியாயமான கேள்வி. களஞ்சியத்தில் 'சான்று தேவை' என்று ஒரு முத்திரை உண்டு. பார்த்தாலே எனக்கு வில்லங்கச் சான்று ஞாபகம் வரும். ஆனால் நம்மிடம் அச்சான சான்றே இல்லை என்பது பாதிப் பொய். 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து அயோத்திதாசர் சிந்தனைகள் வந்தது. ஜெ. பாலசுப்பிரமணியம் 1869-லிருந்து 1943 வரை வந்த தலித் இதழ்களைத் தேடிப்பிடித்து 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்று 2017-இல் புத்தகமாகப் போட்டார். பஞ்சமி நிலத்துக்கு முன்னும் பின்னும் செங்கல்பட்டில் என்ன நடந்தது என்று ரூபா விஸ்வநாத் 2014-இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய ஆய்வே எழுதியிருக்கிறார். 2015-இல் தலித் பெண்கள் சிலர் ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதம் என்று அறிவித்து, கூட்டாக உட்கார்ந்து களஞ்சியப் பக்கங்களில் கை வைத்தார்கள். புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. அலமாரிக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு நூல் இழுக்க ஆள் இல்லை. பாட்டி சொன்னதற்கும் ஒரு வழி உண்டு. இந்தச் சிற்றிதழ்களில் அதை எழுதுங்கள், தேதியோடு, ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். அது சபை ஏறுமா என்பது அப்புறம் நடக்கிற சண்டை. எழுதாமலே இருந்துவிட்டால் அந்தச் சண்டையும் கிடையாது.

களஞ்சியத்துப் பக்கங்களில் 'இப்பக்கத்தை இணைத்தவை' என்று ஒரு மூலையில் ஒரு கருவி இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் தொடுவதே இல்லை. அதைத் தொட்டால் இந்தப் பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் வழி வருகிறது என்று பட்டியல் விழும். மாணவத் தோழர்கள் முதலில் அதைத் தொட வேண்டும். நம் பக்கத்துக்கு யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது நம் ஊர் வரைபடத்தைவிடத் துல்லியமாக அங்கே தெரிந்துவிடும். வராத இடத்தில் போய் நாமே வழி வெட்டலாம். தெருவைப் பற்றி எழுதிய பக்கத்தில், 1924-இல் சென்னைச் சட்டசபையில் நடந்ததை ஒரு வரியில் சான்றோடு எழுதிச் சீனிவாசனுக்கு முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்? பத்து நிமிஷம். நான் புரூஸ் லீக்குக் கொடுத்தது முக்கால் மணி நேரம்.

வங்கியில் ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். ஒரு காசு இடித்தாலும் அன்றைக்குக் கணக்கு முடியாது, வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் இதை நான் முதலில் கற்றது வங்கியில் இல்லை, தறியில். அப்பா காஞ்சிபுரத்து முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பட்டு நெய்தார். காந்தி ரோட்டுக் கடைகளில் தொங்கும் புடவையில் சேரிக்காரன் கையும் உண்டு, சொல்லத்தான் மாட்டார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். மூன்று நாடா. நெய்கிறவனால் மட்டும் முடியாது, கரைப்பக்கம் ஒரு ஆள் உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த ஆளாக நான் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடமே போகாமல் உட்கார்ந்த பிள்ளைகள் எங்கள் தெருவில் நிறையப் பேர். அப்பா வாங்கிய முன்பணத்துக்கு அந்த விரல்கள்தான் வட்டி. கோர்வையில் உடலின் இழை வந்து கரையின் இழையைக் கொக்கி மாதிரி வளைத்துக்கொண்டு திரும்பும், கரையின் இழையும் உடலின் இழையை அதேபோல வளைத்துக்கொண்டு திரும்பும். ஒன்று மட்டும் போய் மற்றது திரும்பாமல் விட்டால் கரை பிளந்துகொள்ளும், மூக்குக் கண்ணாடி போட்ட முதலாளி விரலை விட்டு இழுத்துப் பார்த்துக் கூலியைப் பிடித்துக்கொள்வார். 'போனது திரும்புச்சாடா' என்று அப்பா தறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். தூக்கக் கலக்கத்தில் 'ஆங்' என்பேன்.

போன திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் பெரியம்மாவோடு மறுபடியும் போனேன். இந்த முறை நான்கு புள்ளி இல்லை. அரசாணை எண் 1010, 1010-ஏ, வருவாய்த்துறை, தேதி 30-9-1892. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதை இரண்டு தடவை படித்தார். முத்திரை போட்டு ரசீது கொடுத்தார். நிலம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை, ரசீது கிடைத்தது என்றுதான் அர்த்தம். ரசீதைப் பெரியம்மா மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டார்: "அந்த நம்பர எங்கடா எழுதி வெச்சிருக்க?"

ஃபோனில் இருக்கிறது என்றேன்.

"ஃபோனுலயா? மறுபடி நீ தூங்கிப் போயிட்டின்னா? நம்ம மன்றத்துச் செவுத்துல எழுது. கொட்ட எழுத்துல எழுது. போறவன் வர்றவன் எல்லாம் பாக்கட்டும். ஊர்க்காரனுங்களும் அந்தப் பக்கமாத்தான பஸ்ஸுக்குப் போறானுங்க."

மன்றத்துச் சுவரில் ஏற்கெனவே ஒரு சிமெண்டு விளம்பரம் இருக்கிறது. அதை அடித்துவிட்டு எழுத வேண்டும். நீல பெயிண்ட் ஒரு லிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.